ஆனையிறவில் எரிந்த செவ்விளக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குக் கண்டி வீதி வழியாக ஏறத்தாழ 140 கிலோமீற்றர். பேருந்தில் உறங்கியே இத்தூரத்தைக் கடந்துவிடுவோர் பலர். அண்மையில் நாங்கள் அவ்வழியை, தந்தையார் விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் காரிற் கடந்தோம். அதுவே அக்காரில் எங்கள் இறுதிப் பயணம் என்று எண்ணியிருந்தோம். ஓராண்டுக்குள் இரண்டு புதிய பற்றரிகள் செத்துப்போயின. மூன்றாவதற்குப் பணம் இறைக்க மனமின்றி, வவுனியாவில் ஒருவருக்குக் காரை விற்பதாக வாக்களித்திருந்தேன். பின்னாசனத்தில் இருந்த அம்மா அதுபற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சாவகச்சேரியும் கொடிகாமமும் கடந்து, பளையின் தென்னந்தோட்டங்களும் பின்னே மறைந்தன. ஆனையிறவில் மரநிழல் என்பதே இல்லை. இருமருங்கும் கடல்நீரேரி, கண்ணைக் கூசவைக்கும் வெயில். அவ்விடத்திலேதான் காரின் முகப்பில் உள்ள சிறு செவ்விளக்கு எரியத் தொடங்கியது. பல மாதங்களாக அது மங்கலாகக் கண்சிமிட்டி வந்ததுண்டு; நான் பொருட்படுத்தவில்லை. இம்முறை அது அணையவேயில்லை.

இவ்விளக்கின் ஒரு முனை பற்றரியோடும் மறுமுனை டைனமோவோடும் தொடர்புற்றிருக்கும். டைனமோ நன்கு சுழன்று மின்சாரம் பிறப்பிக்கும்போது இருபுறத்து மின்னழுத்தமும் சமனாகும், விளக்கு அணையும். ஓடும் வண்டியில் அது எரியுமாயின், டைனமோவின் மின்சாரம் பற்றரிக்குப் போய்ச் சேரவில்லை என்பதே பொருள். பகலில் எஞ்சினுக்கு வேண்டிய மூன்று நான்கு அம்பியர் மின்சாரத்தைப் பற்றரி சில மணிநேரம் ஈந்துகொண்டிருக்கும். முன்விளக்குகளை ஏற்றினாலோ மேலும் ஏழெட்டு அம்பியர் செலவாகும். பொழுது சாய்ந்தபின் மாங்குளத்துக் காட்டுவழியில் வண்டி நின்றுவிட்டால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

கிளிநொச்சியில் வேப்பமரத்தடியில் இருந்த ஒரு சிறு கராஜில் நிறுத்தினேன். "பற்றரி பழுது, ஐயா. புதிதாக ஒன்று வாங்கவேண்டும்" என்றேன். முதிய மெக்கானிக் பற்றரியைப் பார்க்கவேயில்லை. விசிறியைச் சுழற்றும் பெல்ற்றை விரலால் அழுத்தினார். அரை அங்குலமளவே தாழ்ந்தது, தளர்ச்சி இல்லை. அம்மா அப்பொழுதுதான் வாய் திறந்தார்: "கொப்பரும் முதல் பெல்ற்றைத்தான் தொட்டுப் பார்ப்பார்."

அடுத்து, டைனமோவின் இரு வயர்களையும் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். அக்கம்பிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே பன்னிரண்டு வோல்ற் பல்பு ஒன்றைத் தொடுத்து, எஞ்சினை மெதுவாக ஓட்டச் சொன்னார். கட்டுப்பாடின்றி மின்னழுத்தம் ஏறிவிடுமாதலால் வேகமாக முடுக்கலாகாது. பல்பு பிரகாசமாக எரிந்தால் டைனமோ நலம். குற்றம் வயரிலோ, கட்டவுட் எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ இருக்கும். எங்கள் பல்பு மின்மினிபோல் மினுங்கி அணைந்தது. ஆகவே நோய் டைனமோவிலேதான். ஓல்ற்றனேற்றர் பூட்டிய பிற்காலக் கார்களுக்கு இச்சோதனை பொருந்தாது என்பதை வாசகர்கள் மனங்கொள்க.

டைனமோவைக் கழற்றி மூடியைத் திறந்தார். காபன் கட்டைகளுள் ஒன்று, வில்லின் அழுத்தம் எட்டாதவாறு தேய்ந்து குறுகியிருந்தது. செப்புருளை கருமை படிந்திருந்தது. அதனை மெல்லிய கண்ணாடித்தாளாலும் பெற்றோல் தோய்த்த துணியாலும் துலக்கிப் புதிய காபன்களைப் பூட்டினார். எஞ்சின் ஓடியதும் செவ்விளக்கு அணைந்தது. பற்றரியின் முனைகளில் மீற்றரை வைத்தபோது முள் 14 வோல்ற்றைக் காட்டியது.

"அப்படியென்றால் முன்னைய பற்றரிகள்?" என்று கேட்டேன். குறைமின்னூட்டத்துடன் நெடுநாள் கிடந்தால் பற்றரியின் தகடுகளில் ஈயவுப்புப் படிந்து இறுகிவிடும், பின்னர் அது மீளாது என்று அவர் விளக்கினார். காரை விற்கப் போகிறேன் என்பதை அறிந்ததும் சிரித்தார்.

"சோறு போடாமல் வைச்சுக்கொண்டு, மாடு மெலிஞ்சு போச்செண்டு விக்கிறதே, தம்பி?"

நான் விடை சொல்லவில்லை. கேட்ட கூலியோ ஒரு புதிய பற்றரியின் விலையிற் சிறு பங்குதான்.

முறிகண்டியில் எல்லா வண்டிகளையும் போல் எங்கள் வண்டியும் நின்றது. பிள்ளையாருக்குக் கர்ப்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, சுடச்சுடக் கச்சான் வாங்கிக்கொண்டோம். மாங்குளத்தை அணுகுகையில் இருள் கவிந்தது, முன்விளக்குகளை ஏற்றினேன். இருமருங்கும் காடு. என் கண் வீதியிலும் அச்செவ்விளக்கிலுமாக மாறிமாறிச் சென்றது. வவுனியா வரையும் அது எரியவில்லை.

மறுநாட் காலை, காரை வாங்க வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தேன். வீடு திரும்பப் புறப்படுமுன் எஞ்சின் மூடியைத் திறந்து பெல்ற்றை விரலால் அழுத்திப் பார்த்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இம்முறை முன்னாசனத்தில் ஏறி அமர்ந்துகொண்டார்.