பித்தளை உறையும் மூன்று பைகளும்

மும்பைக்கு அருகிலுள்ள அம்பர்நாத் ஆர்டனன்ஸ் ஃபேக்டரி என்றதும் கேட்பவர் மனதில் துப்பாக்கியும் குண்டும்தான் வருகின்றன. 1950களில் எழுந்த அந்த ஆலையின் உயிர்நாடி உலோகம். அதிலும் முக்கியமானது பித்தளை. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். இந்தக் கலவைக்குத் தோட்டாப் பித்தளை என்றே உலகமெங்கும் பெயர். நம் வீட்டுக் குடமும் குத்துவிளக்கும் செய்யும் உலோகத்தின் நெருங்கிய உறவு. பீரங்கிக்கு ஏன் பித்தளை என்று யோசிக்கத் தொடங்கினால் ஓர் அழகான விடை கிடைக்கிறது. சுடும் கணத்தில், மருந்தை அடக்கிய பித்தளை உறை விரிந்து குழாயின் சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தீயும் வாயுவும் பின்பக்கம் பீறிட்டு, சுடுகிறவர்களையே எரித்துவிடும். அடுத்த கணமே அந்த உறை சுருங்கி, பிடியை விட்டு, கையோடு வெளியே வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த குண்டு போட முடியாது. இறுகவும் வேண்டும், விடவும் வேண்டும், இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்தில். செம்பு தனியாக இருந்தால் மிகவும் மெத்து. துத்தநாகம் சேரும்போதுதான் அதற்கு இந்தக் குணம் வருகிறது. சுட்டு முடித்த உறையைத் திரும்ப வடிவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் மருந்து நிரப்பிப் போர்முனைக்கு அனுப்பவும் முடியும்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படைகளும் இந்தியப் படைகளும் பயன்படுத்திய 25 பவுண்டர் பீரங்கியில் இந்த உறை என்ன வேலை செய்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குண்டின் எடை 25 பவுண்டு, அதாவது 11.3 கிலோ. குழாயின் விட்டம் 87.6 மில்லிமீட்டர். துப்பாக்கித் தோட்டாவைப் போலக் குண்டும் மருந்தும் ஒன்றாகச் சேர்ந்திருக்காது. முதலில் குண்டைக் குழாய்க்குள் தள்ளி, அதன் செம்புப் பட்டை உள்ளே இருக்கும் வரிப்பள்ளங்களைக் கவ்வும்வரை இடிக்க வேண்டும். பிறகுதான் பித்தளை உறை. அந்த உறைக்குள் துணிப்பைகளில் கார்டைட் மருந்து இருக்கும்: சிவப்புப் பை, வெள்ளைப் பை, நீலப் பை. பக்கத்து இலக்கு என்றால் சிவப்பு மட்டும் போதும். இன்னும் தள்ளி என்றால் வெள்ளையும் இருக்க வேண்டும், அதற்கும் அப்பால் என்றால் நீலமும். இவை போதாத தூரத்துக்கு ‘சூப்பர்’ சார்ஜ் என்று தனியாக ஒன்று. அதைப் போட்டால் 12 கிலோமீட்டருக்கு மேல் போகும். அம்பர்நாத்திலிருந்து டோம்பிவலிக்கு ரயில் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். எந்தப் பையை வைப்பது, எதை எடுப்பது, குழாயை எத்தனை பாகை தூக்குவது என்பதை இலக்கைக் கண்ணால் பார்க்காமலேயே முடிவு செய்ய வேண்டும். காற்றின் வேகம், மருந்தின் சூடு, குழாயின் தேய்மானம், இடத்தின் உயரம் எல்லாம் கணக்கில் வரும். எங்கோ முன்னே ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, விழுந்த இடத்தைப் பார்த்துத் திருத்தம் சொல்வார். ஒரு பீரங்கிக்கு ஆறு பேர். ஆறு பேரில் ஒருவர் தவறினாலும் குண்டு சொந்த ஆட்கள் தலையில் விழும். பீரங்கிப் படையின் வரலாற்றை வீரத்தின் வரலாறாக எழுதுவது வழக்கம். இந்தியர்களைப் பொறுத்தவரை அதை, இந்தக் கணக்கைப் போட யாருக்கு அனுமதி இருந்தது என்ற கேள்வியின் வரலாறாகவே படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

1857 கிளர்ச்சிக்கு முன்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளில் இந்திய பீரங்கி வீரர்கள் நிறையவே இருந்தார்கள். கோலந்தாஜ் என்று அவர்களுக்குப் பெயர். பம்பாய்ப் படையின் கோலந்தாஜ் பிரிவில் 1827 செப்டம்பர் 28 அன்று தொடங்கப்பட்ட ஓர் அணி பின்னாளில் பம்பாய் மலைப் பீரங்கி அணியாகி, இன்றுவரை தொடர்கிறது. அந்தத் தேதியைத்தான் இந்தியப் பீரங்கிப் படை தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. கிளர்ச்சிக்குப் பிறகு படையை மறுசீரமைப்பது பற்றி ஆராயப் பீல் கமிஷன் அமர்ந்தது. அதன்பின் பீரங்கி வெள்ளையர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது ஆட்சியின் கொள்கை ஆயிற்று. கழற்றிக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றிச் செல்லும் சிறிய மலைப் பீரங்கிகளும் இன்னும் ஓரிரண்டும் விதிவிலக்கு, மற்றதெல்லாம் போயிற்று. சிப்பாய் துப்பாக்கி தூக்கலாம், குதிரை ஏறலாம், ஈட்டி பிடிக்கலாம், பேரரசுக்காக எங்கும் போய்ச் சாகலாம்; களப்பீரங்கியை மட்டும் தொடக்கூடாது. நம்பிக்கையின்மைதான் இதற்குக் காரணம் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன, சரிதான். ஆனால் அந்தத் தடை கையிலிருந்து பிடுங்கியது ஆயுதத்தை மட்டும் என்று நினைத்தால் இழப்பின் அளவு புரியாது. வரைபடம் வாசிப்பது, நில அளவை, திரிகோணக் கணிதம், வெடிமருந்தின் வேதியியல், உலோகத்தின் குணம் ஆகியவையும் சேர்ந்தே போயின. மூன்று தலைமுறைக்கு ஒரு நாட்டின் படைவீரன் அடுத்தவர் போட்ட கணக்கின் கீழே நடந்தான்.

1935 ஜனவரி 15 அன்று பெங்களூரில் முதல் இந்தியக் களப்பீரங்கிப் பிரிவு உருவானபோது 1857 கடந்து 78 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் சேர்ந்த தொடக்க கால இந்திய அதிகாரிகளில் ஒருவர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். 1913இல் பிறந்தவர், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். தந்தை ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். தாய் ராதாபாய் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் பேசச் சென்றவர். தம்பி மோகனும் தங்கை பார்வதியும் கம்யூனிஸ்டுகள். பிரபாகர் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் படித்தார். பிறகு பீரங்கி, பொறியியல் அதிகாரிகளுக்கென்றே இருந்த வுல்விச் ராணுவப் பள்ளி. சாண்ட்ஹர்ஸ்டில் தேறியவர்கள் காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் போனார்கள். கணக்கில் தேறியவர்களுக்கே வுல்விச். இந்தியர்களுக்கு அந்தக் கதவு திறந்தே சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1933இல் அவர் அதிகாரியாக வெளியே வந்தார். போர் வந்ததும் இரண்டாவது இந்தியக் களப்பீரங்கி ரெஜிமென்ட்டோடு வட ஆப்பிரிக்கா. 25 பவுண்டர்கள் கொண்ட ஏழாவது பேட்டரி அவர் பொறுப்பில் இருந்தது.

லிபியப் பாலைவனத்தில் பீர் ஹக்கீம் என்றோர் இடம். பீர் என்றால் அரபியில் கிணறு. பெயரில்தான் கிணறு, தண்ணீர் கிடையாது. அதற்குத் தென்கிழக்கே சில மைல் தள்ளி இருந்த இடத்துக்கு அந்தப் பெயர்கூட இல்லை. நிலப்படத்தில் உயரத்தைக் காட்ட எழுதியிருந்த எண்ணே அதன் பெயர்: பாயின்ட் 171. மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேட் அங்கே வந்து சேர்ந்து பள்ளம் தோண்டி முடிக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. 1942 மே 27 காலையில், ரோமல் தன் கவசப் படையைத் தெற்கே சுற்றி அனுப்பியபோது, இத்தாலியின் அரியேத்தே டிவிஷனின் டாங்கிகள் நேரே அவர்கள் மேல் வந்தன. அங்கே பைக் கணக்குக்கோ பாகைக் கணக்குக்கோ நேரம் இருக்கவில்லை. 25 பவுண்டரின் அடியில் வட்டமான ஒரு தட்டு உண்டு. அதன் மேல் வைத்தால் பீரங்கியின் வாலைத் தூக்கி எந்தத் திசைக்கும் சட்டென்று சுழற்றலாம். கண்ணுக்குத் தெரியாத இலக்கைச் சுடப் பயின்றவர்கள், கண்ணெதிரே புழுதி கிளப்பி வரும் டாங்கியை, வெடிக்காத கெட்டிக் குண்டு போட்டு நேரே பார்த்துச் சுட்டார்கள். பீரங்கிப் படைக்குத் தனிக் கொடி கிடையாது, பீரங்கிதான் கொடி. அதை விட்டுவிட்டுப் பின்வாங்குவது கொடியைக் கீழே போடுவதற்குச் சமம். சில மணி நேரத்துக்குள் பிரிகேட் நிலைகுலைந்தது. ஏறக்குறைய ஆயிரம் பேர் சிறைபட்டார்கள். எழுபது வயதில், குதிரைப்படைப் பிரிவு ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்த பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் வால்டர் கோவன் கைத்துப்பாக்கியோடு டாங்கியை எதிர்த்துப் பிடிபட்டதும் இங்கேதான். டாங்கிகள் எத்தனை அழிந்தன என்பதில் இரு தரப்பு எண்களும் ஒத்துப்போவதில்லை. குமாரமங்கலமும் சிறைபட்டார், அந்தக் காலைச் சண்டைக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. விருது வழங்கப்பட்டது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளைக்காரன் போர், வெள்ளைக்காரன் விருது. அதே ஆண்டுகளில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட சிப்பாய்களிலிருந்தே சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் ஒரு படையணி திரட்டினார். அவர்களை விட்டுவிட்டு, பேரரசின் பக்கம் நின்ற ஓர் அதிகாரியை ஏன் நினைக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். தோட்டத்துக் குடியிருப்புகளிலிருந்து கிளம்பியவர்களின் தியாகத்துக்கு முன்னால் எந்தப் பதக்கத்தையும் வைத்து எடைபோட மாட்டேன். ஆனால் கற்ற வித்தை, கற்பித்தவனுக்கே சொந்தமாக இருந்துவிடுவதில்லை. 1947இல் ஆங்கிலேயர் போனார்கள். அந்த வித்தையைத் திரும்பக் கொண்டுபோக முடியவில்லை. பன்னிரண்டே ஆண்டுகளில், 1935க்கும் 1947க்கும் நடுவே, ஒரு சிறிய கூட்டம் 78 ஆண்டு இழப்பை எட்டிப்பிடித்திருந்தது. சுதந்திரம் கிடைத்த சில மாதங்களில் காஷ்மீரில் சண்டை மூண்டபோது பீரங்கியை இயக்க இந்தியர் இருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் தொடர்ச்சியாகத்தான் அம்பர்நாத்தில் பித்தளை உருக்கும் உலையையும் பார்க்கிறேன். சுடத் தெரிந்தவன் உறைக்கு அடுத்தவனிடம் கையேந்தினால் பாதி அடிமைத்தனம் மிச்சம். நீலகிரி அருவங்காட்டுக் கார்டைட் ஆலை ஆங்கிலேயர் காலத்துச் சொத்து. அம்பர்நாத் ஆலை நாமே எழுப்பியது. அங்கேயே உள்ள மெஷின் டூல் புரோட்டோடைப் ஃபேக்டரி இன்று ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே இப்படியும் ஒரு கோடு ஓடுகிறது.

இன்னொரு மறுப்பு: இது தோற்ற சண்டை, நாயகரோ ஈட்டன் படித்த ஜமீன் பிள்ளை. இரண்டுமே உண்மை. அந்த வீட்டில் பிறக்காத ஒருவருக்கு 1930களில் வுல்விச்சின் வாசல் தெரிந்திருக்காது. ஆனால் பைகளைப் பிரித்து வைத்தவரும், குண்டைத் தள்ளி இடித்தவரும், தொலைநோக்கியில் கண் வைத்தவரும் கிராமத்துப் பிள்ளைகள். அதிகாரியின் பெயர் பதிவேட்டில் நிற்கிறது; மற்றவர்களின் பெயர் நமக்கு எட்டவில்லை. அதைக் குறையாகவே சொல்ல வேண்டும். தோல்வியைப் பற்றி: சிறைபட்டவர்களில் ஏறக்குறைய 600 பேரை இத்தாலியர் பாலைவனத்திலேயே விட்டுவிட்டார்கள். அவர்கள் நடந்து நடந்து பீர் ஹக்கீமைச் சேர்ந்தார்கள். முற்றுகையில் இருந்த சுதந்திர பிரெஞ்சுப் படையினர், தங்களுக்கே பற்றாத தண்ணீரை அவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். அந்த வறண்ட கிணற்றடியில் நின்ற அறுநூறு பேரையும் பின்னாளில் இந்திய, பாகிஸ்தான் படைகளின் பயிற்சிக் கூடங்களில் நின்றவர்களையும் ஒரே தலைமுறையாகப் பார்த்தால், அன்று நடந்ததற்குத் தோல்வி என்ற சொல் மட்டும் போதாது.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு, வித்தை நல்லவர் கையில்தான் தங்கும் என்று யார் சொன்னார்கள் என்பது. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே அவெர்சாவில் இந்திய அதிகாரிகளை அடைத்து வைத்த முகாமில் குமாரமங்கலத்தோடு இருந்தவர்களில் யாஹ்யா கானும் ஒருவர். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இன்னொரு பீரங்கி அதிகாரி டிக்கா கான். 1971 மார்ச்சில் டாக்காவில் மக்கள் மேல் பாகிஸ்தான் ராணுவம் பாய்ந்தபோது யாஹ்யா ஜனாதிபதி, டிக்கா அங்கே படைத்தலைவர். ஒரே பாலைவனம், அதே சிறைவாழ்வு, ஒரே பாடம். ஆகவே பாடம் மனிதனைத் திருத்தும் என்று வாதிட மாட்டேன். பாடம் மறுக்கப்படுவதும் அநீதி என்ற அளவில்தான் என் வாதம் நிற்கிறது. குமாரமங்கலம் தப்பித்தார், மீண்டும் பிடிபட்டார், ஜெர்மனியின் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமில் அடைக்கப்பட்டார், போர் முடிந்து ஊர் திரும்பினார். 1966 ஜூனில் அவர் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். அதே ஆண்டு செப்டம்பரில் யாஹ்யா கான் பாகிஸ்தான் ராணுவத்தின் தலைவரானார். ஒரே முற்றத்தில் ரொட்டி வாங்க வரிசையில் நின்ற இருவர், எதிரெதிர்ப் படைகளுக்குத் தலைவர்கள். 1969 மார்ச்சில் யாஹ்யா நாட்டின் ஆட்சியை எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, ஜூனில், பதவிக்காலம் முடிந்த குமாரமங்கலம் பொறுப்பை மானெக்‌ஷாவிடம் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார்.