காற்றுக்கு முந்தியவர்கள்

கரிச்சான் கத்தி ஓய்ந்துவிட்டது. காற்று இன்னும் வரவில்லை.

தை மாதத்து வீரசோழன். கண்மாய்த் தண்ணீர் அலுங்காமல் கிடக்கிறது. கரையிலுள்ள பனைகளில் ஓலை உரசும் சத்தம் இல்லை. ஊருக்கு வெளியே கரிமூட்டத்துப் புகை மேலே போகாமல், சீமைக்கருவேலங்காட்டுக்குள் இடுப்பளவில் படுத்திருக்கிறது. இரவெல்லாம் குளிர்ந்த மண் தன்மேல் படிந்த காற்றையும் குளிரவைத்து, கனமாக்கி, கீழேயே நிறுத்திவிட்டது. உயரத்தில் ஓடும் வாடை தரைக்கு இறங்க வேண்டுமானால் வெயில் வந்து மண்ணைச் சூடாக்க வேண்டும்.

மனிதர்கள் அதுவரை படுத்திருக்கவில்லை. பள்ளிவாசலில் பஜ்ரு தொழுகை முடிந்து, பெரியவர்கள் டீக்கடைப் பக்கம் வருகிறார்கள். இன்று சந்தை. குட்டியானை வண்டிகளிலிருந்து ஆடுகள் குதிக்கின்றன. ஒரு தரகர் கிடாயின் முதுகுத்தண்டை அமுக்கிப் பார்த்து எடையை மனதுக்குள் போட்டுக்கொள்கிறார்.

களத்தில் இரண்டு பெண்கள். புரட்டாசியில் மானாவாரியாக விதைத்து, நூறு நாளில் அறுத்த குதிரைவாலி. நேற்று டிராக்டர் ஓட்டி மிதித்து, குவித்து வைத்திருக்கிறார்கள். மூத்தவள் ஒரு கை பொட்டை அள்ளி விடுகிறாள். நேராகக் காலடியில் விழுகிறது.

"வரலையே மதினி."

"பொழுது ஏறட்டும், வரும்."

கிழக்கே பனைகளுக்கு மேல் சூரியன் வந்து, வெயில் முதுகில் உறைக்கத் தொடங்குகிறது. முதலில் அசைந்தது புகை. ஒரு முனை எழுந்து, அறுந்து, தென்மேற்கே சாய்கிறது. அடுத்து பனையோலை சலசலக்கிறது. கண்மாய்த் தண்ணீர் சுருக்கம் விழுந்து நகர்கிறது. எங்கோ காயும் முதல் பறிப்பு மிளகாயின் நெடி டீக்கடைக்கு வர, கிளாசைக் கையில் பிடித்தபடி ஒருவர் அடுத்தடுத்துத் தும்முகிறார். தரகரின் தோள்துண்டு நழுவுகிறது. மீன்கொத்தி கம்பியில் உட்காரமுடியாமல் இறக்கையை விரித்து மடக்குகிறது.

களத்தில் சொளகு எழும்புகிறது.

"பொலி... பொலி..."

தானியம் காலடியில் விழ, பொட்டு பொன்தூளாகத் தள்ளிப் போகிறது. இளையவள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு அடுத்த சொளகை நிரப்புகிறாள். மூத்தவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"பேச்சைக் குறை. காத்து நிக்குறதுக்குள்ள மூணு மூட்டையையும் தூத்திறணும்."