வாடகையும் கடன்தான் பாஸ்!

பி.காம் படிக்கிற உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு கம்பெனி கடை ஒண்ணை வாடகைக்குப் பிடிக்குது. அக்ரிமென்ட்படி மூணு வருஷத்துக்குக் காலி பண்ணவே முடியாது. வியாபாரம் நடந்தாலும் நடக்காட்டியும் வாடகை கொடுத்தே ஆகணும். இந்த வாடகை செலவா, கடனா?

‘செலவுதான்’னு சொன்னா, 2019 மார்ச் வரைக்கும் உங்களுக்கு ஃபுல் மார்க். அந்த வருஷம் ஏப்ரல் 1-ம் தேதி இண்ட் ஏ.எஸ். 116 அமலுக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் அதே பதிலுக்கு முட்டை!

இதுக்குப் பின்னாடி ஒரு ஜோக் உண்டு. சர்வதேச கணக்கியல் தர வாரியத்தோட தலைவரா இருந்த டேவிட் ட்வீடி, ‘சாகுறதுக்குள்ள, ஏர்லைன்ஸ் பேலன்ஸ் ஷீட்ல இருக்கிற ஒரு விமானத்துல பறந்து பார்த்துடணும்’னு கிண்டலாச் சொல்லுவாராம். காரணம், நிறைய விமானங்கள் குத்தகைக்கு எடுத்தவை. பறக்கும், சம்பாதிக்கும். ஆனா, பேலன்ஸ் ஷீட்ல சொத்தாவும் தெரியாது, கடனாவும் தெரியாது. 2016-ல வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 அதை மாத்துச்சு. அதோட இந்திய வடிவம்தான் 116.

நான் அப்போ ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தேன். ஊர் ஊரா ஷோரூம் வெச்சிருந்த ஒரு கம்பெனிக்கு என்னை அனுப்பினாங்க. ‘ஒரு எக்ஸெல் ஷீட், ஒரு ஃபார்முலா, ரெண்டு நாள் வேலை’ன்னு நினைச்சுட்டுப் போனா, முதல் ரெண்டு வாரம் ஃபார்முலா பக்கமே போகலை. அக்ரிமென்ட் தேடினோம்! ஒண்ணு பிராஞ்ச் மேனேஜர் மேஜை டிராயர்ல, ஒண்ணு வக்கீல் ஆபீஸ்ல. ஒரு குடோனுக்குப் பழைய அக்ரிமென்ட் முடிஞ்சு, வாய் வார்த்தையிலேயே வாடகை ஓடிட்டிருந்துச்சு.

கணக்கு என்னவோ சிம்பிள்தான். வருஷக் கடைசியில 1 லட்சம் வாடகை, 3 வருஷம், வட்டி 10 சதவிகிதம்னு வைங்க. மொத்தம் கொடுக்கப்போறது 3 லட்சம். அதோட இன்றைய மதிப்பு சுமார் 2,48,685 ரூபாய். அது ஒரு பக்கம் கடன், இன்னொரு பக்கம் ‘பயன்படுத்தும் உரிமை’ங்கிற சொத்து. வாடகைச் செலவுங்கிற வரி காணாமப் போய், தேய்மானமும் வட்டியும் வரும். முதல் வருஷம் ரெண்டும் சேர்த்து சுமார் 1,07,764. மூணாவது வருஷம் சுமார் 91,986. மூணு வருஷத்தையும் கூட்டினா அதே 3 லட்சம். கல்லாவுல இருந்து ஒரு பைசா கூடுதலாப் போகலை.

அப்புறம் என்ன பிரச்னைங்கிறீங்களா? கடன் ஏறுது பாஸ்! ‘கடன் விகிதம் இதுக்கு மேல போகக் கூடாது’ன்னு பேங்க் கண்டிஷன் போட்டிருக்கும். அதனால, எத்தனை வருஷத்தைக் கணக்குல எடுக்கிறதுங்கிறதுதான் சண்டை. அக்ரிமென்ட் 9 வருஷம். முதல் 3 வருஷம் முடிஞ்சா காலி பண்ணிக்கலாம். ‘3 வருஷம் மட்டும் போடுங்க, கடன் குறைவாத் தெரியும்’னாரு முதலாளி. ‘நான் வாங்காத கடனை நான் ஏன் காட்டணும்?’னு கோபம் வேற. பல வருஷமா அங்கேயே இருந்த சீனியர் அக்கவுன்டன்ட் மெதுவா ஒண்ணு கேட்டாரு... ‘கடைக்குள்ள போட்ட இன்டீரியருக்கு 9 வருஷம் தேய்மானம் எழுதுறோமே ஐயா. 3 வருஷத்துல காலி பண்ற கடைக்கா அவ்வளவு செலவு பண்ணினோம்?’

ரூம்ல சத்தமே இல்லை. ஆப்ஷன் இருந்தாலும், ‘தொடர்ந்து இருக்கப்போறது நியாயமான அளவுக்கு நிச்சயம்’னா அந்தக் காலத்தையும் சேர்க்கணும்கிறதுதான் விதி. கடைசியில, இன்டீரியர் போட்ட கடைகளுக்கெல்லாம் 9 வருஷம்தான் எழுதினோம். மீதிக் கடைகளை ஒவ்வொண்ணா உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினோம். பேங்குக்கு முன்கூட்டியே போய் விளக்கினாங்க. அவங்களும் விகிதத்தை மட்டும் பழைய முறையிலேயே பார்க்க ஒத்துக்கிட்டாங்க.

அன்னிக்குத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. புது ஸ்டாண்டர்டுங்கிறது புது ஃபார்முலா இல்லை. ‘நீ யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கே, நிஜமா என்ன செய்யப்போறே?’ன்னு கம்பெனியைப் பார்த்துக் கேக்கிற கேள்வி. ஃபார்முலாவை சாஃப்ட்வேர் போட்டுடும். அந்தக் கேள்விக்கு மனுஷங்கதான் பதில் சொல்லணும்.

நீங்க ஒண்ணு செய்யுங்க. பிடிச்ச பிராண்டோட ஆண்டறிக்கையை எடுத்து, குத்தகை பத்தின குறிப்பைப் படிங்க. எத்தனை வருஷம்னு எழுதியிருக்காங்க, அந்தக் கடைக்குள்ள எவ்வளவு கொட்டியிருக்காங்கன்னு பாருங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, தயங்காம கேளுங்க!