மனநலத்துக்கு நன்கொடை: ஒரு வேளை சாப்பாடா, மாசாமாசமா?

மனநோய்க்கான மாத்திரை அரசு மருத்துவமனையில இலவசம். அப்புறம் நன்கொடை எதுக்குன்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

மனச்சிதைவு ஒரு ஆபரேஷன்ல தீர்ற நோய் இல்லை. பலருக்கு வருஷக்கணக்கில் மாத்திரை வேணும். உசிலம்பட்டியில இருந்து ஓபிக்கு வந்தா, நோயாளிக்கும் கூட வர்றவருக்கும் அன்னைக்குக் கூலி போச்சு. நின்னுபோன மாத்திரை பலருக்கு நோயைத் திரும்பக் கொண்டுவரும்.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில கட்டிக்கிடந்த 28 பேர் இறந்தாங்க. அங்க கொண்டுபோய் விட்ட குடும்பங்கள்ல பலருக்கும் வேற வழி தெரியலை.

அந்த வேற வழி என்ன? பகல்நேர மறுவாழ்வு மையம், தொழிற்பயிற்சி, குடும்பத்துக்கு ஆலோசனை. நம்ம மதுரையில மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இந்த வேலையைச் செய்யுது.

பிறந்தநாளுக்கு ஒரு வேளை சாப்பாடு போடுறோம். நல்லதுதான். ஆனா பயிற்சி தர்றவருக்கு மாசாமாசம் சம்பளம் வேணுமே! ஒரே நாள்ல 2,400 ரூபாய் கொடுக்கிறதை, மாசம் 200 ரூபாயா கொடுத்துப் பாருங்க. அடுத்த மாசமும் பணம் வரும்னு நம்பி அவங்களால திட்டம் போட முடியும்.

எந்த அமைப்பா இருந்தாலும் நேர்ல போய்ப் பாருங்க, ரசீது கேளுங்க. அங்க இருக்கிறவங்களை மட்டும் போட்டோ எடுக்காதீங்க. குணமாகி நாளைக்கு வேலை தேடப்போறவங்க அவங்க.