நெல்லுச்சோறு

காலையில் நடக்கப் போகும் பூங்காவின் வாசலில் ஒரு கூழ் வண்டி நிற்கிறது, வண்டிக்காரர் பானை மூடியைத் திறக்கும்போதெல்லாம் கம்பு வாசனை கொஞ்சம்போல வெளியே வரும், ஈரச்சாக்கும் புளித்த மோரும் கலந்ததுபோல ஒன்று. சர்க்கரை ஏறிவிட்டது, அரிசியைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன மறுவாரம் நானும் அங்கே போய் நின்றேன், நின்றதுமே மனசு அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் ஊருக்கு, எங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

அங்கே அப்பத்தா சாயங்காலமே கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி உரலில் குத்துவாள், உமியைப் புடைத்து, மறுபடி இடித்து, நொய்யையும் மாவையும் தனித்தனியாகப் பிரித்து, உலை கொதித்ததும் நொய்யை முதலில் போட்டுத் துடுப்பால் கிண்டுவாள், மேற்கு வெயிலில் பறக்கிற சுணை எங்கள் கழுத்தில் ஒட்டி ராத்திரி முழுக்க அரிக்கும். ஆறிய சோற்றை உருட்டிப் பானைத் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் கரைத்துக் குடிக்கக் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், இருந்தால் மோர்மிளகாய். தாத்தா கும்பாவைத் தொடைமேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் குடிப்பார், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அப்பத்தா அந்தக் கும்பாவை வாங்கி உள்ளே வைத்துவிடுவாள், ஏதோ களவாண்டதை ஒளிக்கிற மாதிரி. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான், அப்புறம் யாராவது காய்ச்சலில் படுத்தால்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது நான் மூணாம் வகுப்பு. வேப்பமரத்தடியில் தட்டேந்தி உட்கார்ந்தால் ஆவி பறக்க அரிசிச் சோறும் சாம்பாரும் வரும், வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா என் வலது கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பாள், "நெல்லுச்சோறு தின்ன கைடா இது" என்பாள், அதில் சந்தோஷம் எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் கும்பகோணம் பக்கம் மாமனார் வீட்டில் இலை போட்டார்கள். காவிரித் தண்ணீர் பாய்கிற வயல்காரர்கள், சோற்றில் குழி பறித்துக் குழம்பு, அது முடிந்து ரசம், கடைசியில் மோர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஊர்க்கதை ஒன்று. அவர்கள் ரசத்துக்கு வருவதற்குள் என் இலை காலியாகிவிட்டது, "யாரும் பிடுங்கிட மாட்டாங்க மாப்ளே, மெதுவா சாப்பிடுங்க" என்று மாமனார் சிரித்தார். ஒரு பானையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்த வீட்டில், மெதுவாகத் தின்றவனுக்குப் பானையின் அடிதான் மிஞ்சும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது, இப்போது டாக்டரும் மென்று தின்னுங்கள் என்கிறார், அவரிடமும் சொல்லவில்லை.

நான் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு அப்பத்தா மூன்று வேளையும் அரிசியே தின்றாள், அவளுக்கும் சர்க்கரை வந்தது, ஊர் டாக்டர் கம்புக்கு மாறச் சொன்னபோது, "கம்பு திங்கவா பேரனப் படிக்க வச்சேன்?" என்று அவரையே திருப்பிக் கேட்டாள். கம்பும் மாவுச்சத்துதான், கண்டபடி குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், அவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை, சாகிறவரை கும்பாவைத் தொடவே இல்லை.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து எங்கள் நடைக்கூட்டத்தில் எல்லோருக்கும் கம்பின்மேல் திடீர் பாசம், நடுரோட்டைப் பார்த்து நின்று படம் எடுத்துக்கொண்டு குடிக்கிறார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது, கூடவே மாங்காய்த் துண்டு, சுண்டைவற்றல், மோர்மிளகாய் என்று ஒரு தட்டு நிறைய, கூழ் மட்டும் ஒரு ராத்திரிகூடப் புளிக்காதது, தண்ணியாக இருந்தது. நாலே மடக்கில் முடித்துவிட்டேன். டம்ளரைக் கொடுக்கத் திரும்பியபோதுதான் தெரிந்தது, அவ்வளவு நேரமும் பூங்காச் சுவரைப் பார்த்து நின்று குடித்திருக்கிறேன்.