பிள்ளைகளின் தமிழ்: ஒரு வகுப்பறை நாட்குறிப்பு

ஜூலை 7, 2025, திங்கள்
முதலாண்டு வகுப்பு. இடைவேளையில் எங்கும் 'செம', 'மொக்கை', 'கெத்து', 'வேற லெவல்'. பெண் பிள்ளைகளும் ஒருத்தியை ஒருத்தி 'டா' போட்டு அழைக்கிறார்கள். இவர்கள் வாயில் அது ஆண்பால் விளி இல்லை, நெருக்கத்தின் விளி. இன்றைய பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதுகிறவர் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஜூலை 9, புதன்
துறையில் மூத்தவர் வருத்தப்பட்டார். "இந்தப் பிள்ளைங்களோட தமிழ் செத்துப்போயிரும்மா." எனக்கு அந்தப் பயம் இல்லை என்றேன். மேசை, சாவி, அலமாரி, ஜன்னல் எல்லாம் போர்ச்சுகீசியர் வழியாக வந்து நம் வீட்டுச் சொற்களாகிவிட்டன. தொல்காப்பியம் திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் தந்தது. பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றமில்லை என்றார் நன்னூலார். "வடசொல்லே ஆனாலும் வடவெழுத்தை விட்டுட்டுத்தான் வரணும்னு தொல்காப்பியம் சொல்லுதே, அதையும் சொல்லும்மா" என்றார் ஐயா. சரியான இடத்தில் கை வைத்தார்.

ஜூலை 11, வெள்ளி
வகுப்பு வாட்ஸ்அப் குழு முழுக்க ஆங்கில எழுத்தில் தமிழ். அதில் பள்ளியும் பல்லியும் ஒன்று, மரமும் மறமும் ஒன்று. வந்த சொல்லுக்கு நம் எழுத்தைக் கொடுத்தார்கள் முன்னோர். நாமோ நம் சொல்லுக்கே வேற்றெழுத்தைக் கொடுக்கிறோம்.

ஜூலை 15, செவ்வாய்
பெயர்ச்சொல் எத்தனை வந்தாலும் தமிழ் தாங்கும். வினைச்சொல் போவதுதான் இழப்பு. 'குக் பண்ணேன்', 'வாக் பண்ணேன்', 'திங்க் பண்ணேன்' என்கிறார்கள். காலமும் இடமும் காட்டும் உறுப்புகள் தமிழாகவே நிற்கின்றன, வேர் மட்டும் போய்விடுகிறது. 'நட' இருந்தால்தான் நடை, நடத்தை, நடப்பு, நடமாட்டம் எல்லாம் உண்டு. வீட்டுச் சமையல் ஒன்றை, 'பண்ணு' இல்லாமல் எழுதி வரச் சொன்னேன்.

ஜூலை 16, புதன்
எழுதி வந்தார்கள். சோற்றை வடித்து, பருப்பைக் கடைந்து, கீரையை மசித்து, மாவைப் பிசைந்து, கடுகு தாளித்து என்று வரிக்கு வரி வினைகள். பலர் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடமும் ஆச்சியிடமும் கேட்டிருந்தார்கள்.

ஜூலை 18, வெள்ளி
தமிழ்நாடு நாள். 1967இல் இதே நாளில்தான் மாநிலத்தின் பெயரை மாற்றச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. அதையொட்டி வகுப்பில் 'கலாய்' பற்றிப் பேசினேன். கலாய்த்தான், கலாய்ப்பாள், கலாய்க்காதே என்று எல்லா வடிவமும் எடுக்கும் முழு வினைச்சொல் அது. இன்றைய கிண்டல் பொருளில் அதைப் புழக்கத்தில் விட்டவர்கள் இளைஞர்கள். வினைச்சொல்லுக்கே புதுப் பொருள் தரத் தெரிந்த தலைமுறையைப் பார்த்துத் தமிழ் தெரியாதவர்கள் என்று சொல்வது அநியாயம். பெற்றோரும் ஆசிரியர்களும் அவர்கள் பேச்சைத் திட்ட வேண்டாம். பிள்ளைகளே, புதுச் சொல் எத்தனை வேண்டுமானாலும் படையுங்கள். தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள், வினைச்சொற்களைக் கைவிடாதீர்கள்.