காணொளி மெய்தான், கூடவே வந்த வரி?

சைபர்ஜெயாவில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தலைமையகம் இருக்கிறது. புலனத்தில் வந்த செய்தி பொய்யா என்று பார்க்க அது 2017இல் ‘செபெனார்ஞா’ தளத்தைத் தொடங்கியது. ஆனால் அடியோடு பொய்யான செய்தியைக் கண்டுபிடிப்பது எளிது. நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் மெய்யான காணொளிதான். 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தில் ஆட்கள் புகுந்தார்கள், வாகனங்கள் எரிந்தன. அந்தக் காட்சிகள் எல்லாம் நடந்தவை. கூடவே சேர்ந்து வந்த ‘இனக்கலவரம்’ என்ற வரிதான் யாரோ ஒட்டியது. நிலத்தையும் ஆலய இடமாற்றத்தையும் பற்றிய நெடுநாள் வழக்கு அதில் காணாமல் போனது. ஆகவே ‘படம் உண்மையா?’ என்று கேட்டு நிறுத்திக்கொள்வது பாதிச் சோதனைதான். வரியை எழுதியவர் யார், அங்கே இருந்தாரா என்பது மீதி.

அதிகாரிகளே மாற்றிப் பேசும்போது நாம் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சீபீல்டில் நடந்தது இரண்டு இந்தியத் தரப்புகளின் மோதல் என்ற காவல்துறையின் முதல் விளக்கத்தை இந்திய அமைச்சர்களே மறுத்தார்கள். ஆனால் களத்தில் நின்றவர்களுக்கே விடியும்வரை விவரம் பிடிபடவில்லையென்றால், கிள்ளானில் படுக்கையில் இருந்தபடி தட்டிவிடுபவருக்கு எப்படிப் பிடிபடும்? சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பதும் சரிவரவில்லை. 2018 ஏப்ரலில் வந்த பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டத்தில் முதலில் தண்டிக்கப்பட்டவர், செத்தாப்பாக்கில் நடந்த ஒரு துப்பாக்கிச்சூட்டுக்குக் காவல்துறை தாமதமாக வந்தது என்று காணொளி போட்ட வெளிநாட்டவர். அரசைக் குறைசொல்பவர் மீதே முதலில் பாய்ந்த அந்தச் சட்டத்தை நீக்க நாடாளுமன்றம் அடுத்த ஆண்டே வாக்களித்தது. அதற்காக வருந்தத் தேவையில்லை.

‘ஆபத்து என்றால் சொல்ல வேண்டாமா?’ என்பது இதைவிட வலுவான மறுப்பு. சொல்ல வேண்டும், 999க்கும் அந்தத் தெருக்காரர்களுக்கும். தூரத்திலிருப்பவருக்கு அனுப்பினால் அது எச்சரிக்கை இல்லை, கூட்டத்துக்கு அழைப்பு. சீபீல்டில் கூட்டம் திரண்டது. எரிந்த வாகனங்களை அணைக்கப் போன தீயணைப்பு வீரர் முகமட் அடிப் காயமடைந்து, டிசம்பர் 17 அன்று இறந்தார். எப்படிக் காயம்பட்டார் என்பதற்கு முகநூலில் உடனுக்குடன் தீர்ப்புகள் வந்தன, அவரவர் இனத்துக்கு ஏற்றபடி. மரண விசாரணை நீதிமன்றம் சாட்சிகளையும் மருத்துவர்களையும் கேட்டு, அடையாளம் தெரியாத இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் செயல் என்று முடிவு சொன்னது 2019 செப்டம்பரில்தான்.